கேட்காமல் போட்ட பக்கம்

"பக்கம் அமைக்கிற அந்த லேஅவுட் ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

அச்சகத்து வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவள் தனக்குத்தானே பொருமினாள். பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அவற்றுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த இரண்டு கண்கள். அவன் பார்வையை எடுக்க மறந்தான்.

"என்னங்க ஆச்சு?"

யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது அவளுக்கு. கொட்டினாள். திரையில் கோடு போட்டால் பாலமாகும், வட்டம் போட்டால் நிலாவாகும்... அப்படி ஒரு வீடியோ கேம். அதன் படங்கள் மொத்தமும் அவள் வரைந்தவை. அவற்றைத் தொகுத்து இப்போது ஒரு புத்தகம் வருகிறது. மாதிரிப் பிரதியைப் பிரித்தால், பதினெட்டாம் பக்கத்தில் அவள் அடித்துப் போட்ட பழைய படம் ஒன்று. ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே, 'அப்பா சொன்னது சரிதான். எனக்கு வரைய வராது.'

"அது எனக்கு நானே எழுதிக்கிட்டது. அதைப் போய் ஊருக்கே படிக்கக் குடுக்கறான். மனுஷனா அவன்?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்த ஆள்... நான்தாங்க."

அவள் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"அப்போ இவ்வளவு நேரம் கதை கேட்டுட்டா நின்னீங்க?"

"நீங்க மூச்சு விட்டாத்தானே நான் பேச முடியும்..."

சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து அவள் இன்னும் கோபப்பட்டாள். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"நீங்க அனுப்பின ஃபைல்ல இருந்துச்சு. இவங்களுக்கே வராதுன்னு தோணியிருக்கா... அப்போ விளையாடறவங்க தெம்பா வரைவாங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க. கேட்கல."

"தப்புதான். எடுத்துடறேன்," என்றான்.

அவள் மழையிலேயே இறங்கி நடந்தாள். பாவி... அந்தக் குரல் ஏன் அவ்வளவு மென்மையாக இருந்து தொலைக்கிறது?

வீட்டுக்கு வந்து அவள் மேஜைமேல் வீசிய பிரதியை அப்பா எடுத்துப் புரட்டினார். அவள் பதறிப்போய்ப் பிடுங்குவதற்குள் பதினெட்டாம் பக்கம் வந்துவிட்டது. வெகு நேரம் அதையே பார்த்தார்.

"நான் சொன்னதுதான். நீ பத்தாவது படிக்கறப்போ."

"விடுங்கப்பா. அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிட்டேன்."

"எடுக்காதே. நான் சொன்னது தப்புன்னு மத்த பக்கமெல்லாம் காட்டுதே... அதுவும் இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் புத்தகம் அச்சு மெஷினில் ஏறிவிடும். அவனிடம் போய் நான் இறங்கி வருவதா... அச்சக வாசல்வரை கௌரவம் குறுக்கே வந்தது. தள்ளிவிட்டு அவன் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"பதினெட்டாம் பக்கம் இருக்கட்டும். உங்களுக்காக இல்ல. எங்கப்பா சொன்னாரு."

"சரிங்க."

"எனக்குக் கோபம் இன்னும் போகல."

"போக வேண்டாம்..." நிமிர்ந்தான். "மூணு மாசமா உங்க கோடுகளோடயே குடியிருந்தேங்க. ஒரே கண்ணை முப்பது தடவை மாத்தி மாத்தி வரைஞ்சிருந்தீங்க. முப்பதாவது வர்றதுக்குள்ள, முகம் தெரியாத உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு. நேத்து முகமும் தெரிஞ்சுது. என்னைத் திட்டிட்டிருந்துச்சு. அப்பவும் பிடிச்சுது."

அவள் முகம் சிவந்தது. கோபத்தாலா... அவளுக்கே தெரியவில்லை.

"இதையாவது கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல."

"இப்போ கேட்கறேன். சொல்லலாமா?"

"அதான் சொல்லியாச்சே..." நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். "எனக்கும்தான். நேத்துல இருந்து. அதனாலதான் கோபம் ரெண்டு மடங்கு."