இரண்டாவது இடம் காலி

ஆனி மாதச் சாரல். மதியம் மூன்று மணிக்குத் தென்காசியிலிருந்து பைக்கில் கிளம்பி, குற்றாலத்துக்கு மேலே இருக்கும் ஒரு தோட்ட விடுதிக்குப் போனேன். விடுதிக்கென்றே அங்கே ஒரு சின்ன அருவி உண்டு. மேலே ஓடையில் வெள்ளம் ஏறுவதைக் கேமரா வழியாகக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சைரன் அடிக்கும். குளிப்பவர்கள் மேலே ஏற மூன்று நிமிஷம் கிடைக்கும். அந்தக் கம்ப்யூட்டர் தினமும் நாலு மணிக்கு மந்தமாகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அருவிக் காவலாள் அருண்பாண்டி வாசலில் நின்றான்.

"அண்ணாச்சி, குளிக்க வந்தியளா, கம்ப்யூட்டரக் குளிப்பாட்ட வந்தியளா?"

"ஒன் பொண்டாட்டி போன்ல திட்டுன திட்டுல வந்தேன்லே."

சிரித்தான். போனை மனைவி இசக்கிசெல்வியின் மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டு, விசிலோடு கீழே இறங்கினான். அந்த அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது செல்வியின் வேலை.

அறையில் ஈரத்துணி வாடை. மிஷினைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

அதன் உள்போர்டில் பிராசசருக்கு, அதாவது கணக்குப் போடும் சிப்புக்கு, இரண்டு இடம். ஒன்று சூடாகி வேகத்தைக் குறைக்கச் சொன்னால், மற்றதும் சேர்ந்து குறைய வேண்டும். அது பேச்சிராஜ் போட்ட விதி. எனக்கு முன்னால் இங்கே மிஷின் பார்த்தவன். போன வருஷம் சைரன் பிந்தியபோது, கத்திக்கொண்டே கீழே ஓடியவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அன்று கெட்டுப்போன இரண்டாவது பிராசசரை நான்தான் கழற்றினேன். என் கடை டிராயரில் கிடக்கிறது. விதியை மட்டும் அழிக்கவில்லை. செத்தவன் கையால் போட்டது, தொட மனசு வரவில்லை.

மிஷின் தினமும் என் போனுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். நான் படித்ததே இல்லை. இப்போது திறந்தேன்.

வேகத்தைக் குறைக்கச் சொன்ன இடம்: இரண்டு.

எல்லா நாளும் இரண்டு.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இடம் காலிதான். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது.

"அண்ணாச்சி, நாலு ஆயிட்டு," என்றாள் செல்வி. "படம் நிக்குது."

ஜன்னல் வழியே ஓடையைப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் ஒரு முழு மரத்தைச் சுமந்துகொண்டு தண்ணீர் போனது. திரையில் இன்னும் தெளிந்த நீர்தான்.

"சைரன அடிங்க அண்ணாச்சி!"

சைரனுக்குத் தனிச் சுவிட்ச் கிடையாது. மிஷின் சொன்னால்தான் அடிக்கும். விதியை அழிக்க டைப் செய்தேன்.

ஓர் எழுத்து வந்தது.

ஒரு மூச்சு இழுத்து விட்டேன்.

அடுத்த எழுத்து.

செல்வி புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் போன் எங்கள் முன்னாலேயே மேஜையில் அடித்தது. அவள் கதவுக்குப் பாய, நான் கத்தினேன்.

"போகாதட்டி! தண்ணி ஏறிட்டு!"

"அவுக கீழ நிக்காக!"

ஓடிவிட்டாள். கீழே இருநூறு படி.

எழுத்து. மூச்சு. எழுத்து.

என் காதுக்குப் பக்கத்தில் யாரோ குளிரில் பல் தந்தியடிக்கச் சொன்னார்கள்.

"சூடு ஏறுது அண்ணாச்சி. மெதுவா... மெதுவா..."

திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

நாலு மணி ஏழு நிமிஷத்துக்குச் சைரன் அடித்தது. குளித்த பதினோரு பேரையும் அருண்பாண்டி மேலே தள்ளி ஏற்றிவிட்டிருந்தான். அவன் மட்டும் ஏறவில்லை.

செல்வி பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"ஏன் அண்ணாச்சி அடிக்கல?"



அன்று சாயங்காலமே ஒயரையெல்லாம் பிடுங்கி, மிஷினைத் தென்காசிக்குக் கொண்டுவந்து கடைக்குள் வைத்துப் பூட்டினேன். கரண்ட் கொடுக்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு என் போன் அதிர்ந்தது. அறிக்கை வந்திருந்தது.

வேகத்தைக் குறைக்கச் சொன்ன இடங்கள்: இரண்டு, மூன்று.

அந்த போர்டில் மூன்றாவது இடமே கிடையாது.