ஓடக் காட்சியில் வாசித்த வயலின்கள்

1955 ஜூன் 12, ஞாயிறு. நேற்று டாக்கீஸ் வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், படத்தின் கடைசிக் காட்சியில் வயலின்கள் கீழே இறங்குகின்றன என்று அடித்துச் சொன்னேன். அது தவறு. வயலின்கள் இறங்கவில்லை.

இதை எழுதிவிட்டு ரசலையன் 'அடித்து' என்ற சொல்லை வெட்டினான். நடந்தது அதுதானே என்று தோன்ற, வெட்டியதற்கு மேலே மறுபடியும் அதையே எழுதினான். நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன் அவன். பகலெல்லாம் பிறருடைய பிழைகளைத் திருத்துவான். மாலையில் சுருக்கெழுத்து வகுப்பில் உட்கார்ந்து தானே பிழைகள் செய்வான். அன்றன்று செய்ததை நாட்குறிப்பில் எழுதி வைப்பது வழக்கம். ஒரு பெண்ணைப் பற்றி அதில் எழுதியது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மேட்னி விட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜூனில் பிடிக்கிற இடவப்பாதி மழை... குடை கொண்டு வந்தவர்கள்கூட இறங்கத் தயங்கினார்கள். டாக்கீஸ் வாசலில் இருந்த தகரக் கொட்டகையின் கீழ் கூட்டம் ஒண்டி நின்றது. நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை, படத்தின் இசையைப் பற்றி வாதாடினார்கள்.

அந்த வருஷம் வந்த படங்களிலெல்லாம் வாத்தியக் கூட்டம் பெருத்துப்போயிருந்தது. முன்பெல்லாம் பாட்டுக்கு மட்டும் வாசித்தவர்கள், இப்போது கதவு திறந்தால் வாசித்தார்கள், தந்தி வந்தால் வாசித்தார்கள், கதாநாயகி சும்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் வாசித்தார்கள். இது நல்லதா கெட்டதா என்று நாகர்கோவிலில் இரண்டு கட்சி இருந்தது. சுருக்கெழுத்து வகுப்பில் ரசலையனுக்குப் பக்கத்தில் உட்காரும் தாணுலிங்கம், கெட்டது என்ற கட்சி. சுசீந்திரத்தில் நாகசுரம் கேட்டு வளர்ந்த காது அவனுக்கு. முப்பது வயலின் ஒன்றாக வாசித்தால் ராகத்தை இஸ்திரி போட்டது மாதிரி ஆகிவிடும் என்பான். டாக்கீஸ் வாசலில் சர்பத் கடை வைத்திருந்த சுடலையாண்டி நல்லது என்ற கட்சி. கடையை விட்டு நகர முடியாதவர் என்பதால் எந்தப் படத்தையும் அவர் பார்த்ததில்லை, வெளியிலிருந்து கேட்டதுதான். வாத்தியம் பெருத்த பிறகுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருக்கிறவனுக்கு விளங்குகிறது என்று அவர் சொன்னார்.

ரசலையன் எந்தக் கட்சியிலும் முழுதாகச் சேராதவன். இசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கதையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது அவன் எண்ணம். அன்றைய படம் அதற்கு வசதியான உதாரணம். கடைசியில் கதாநாயகி ஓடத்தில் ஏறிப் போகிறாள். கதாநாயகன் கரையில் நிற்கிறான். பேச்சே இல்லை... வாத்தியங்கள் மட்டும். அவள் திரும்பி வருவாளா என்று சொல்லாமலே திரை இருண்டுவிடுகிறது.

"சொல்லல்லைன்னு யாரு சொன்னா? வயலின் சொல்லிப்போட்டுல்லா," என்றான் ரசலையன். "கீழ கீழ இறங்கிச்சே, கேட்டியா? அவ இனி வரமாட்டா. அதுதான் அர்த்தம்."

"இறங்கல்ல. ஏறிச்சு."

பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். திரும்பிப் பார்த்தான்.

பெண்கள் பக்கத்து வாசலும் அதே கொட்டகையில்தான் வந்து முடியும். அங்கே ஒரு பெண், சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். சாரல் முகத்தில் பட்டிருந்தது. இமைகளில் நின்ற துளிகளைத் துடைக்கவும் தோன்றாமல், அந்த இரண்டு கண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன... கோபமில்லை, வெட்கமும் இல்லை. கணக்கில் தப்புப் போட்ட பையனை டீச்சர் பார்க்கிற பார்வை. பேசிவிட்டோமே என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கண்கள் சட்டென்று மழைக்குப் போயின.

ரசலையன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தான் கேட்டதை மெதுவாக முனகிக் காட்டினான். கீழே, கீழே, இன்னும் கீழே.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "இது பாட்டா? கிணத்துல வாளி இறங்குகமாதிரில்லா இருக்கு."

தாணுலிங்கம் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவளும் மிக மெல்லிய குரலில் ஒரு வரி முனகினாள். அது ஏறியது. மழைச் சத்தத்துக்குள் ஒரு நூல் மேலே போவது மாதிரி ஏறி, பாதியில் நின்றது. கூட வந்த பெண் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "வாட்டி, ராஜாக்கமங்கலம் பஸ் போயிரும்," என்று அந்த அக்கா திட்டிக்கொண்டே போனது மட்டும் கேட்டது.

நீங்கள் சொல்வது தப்பு என்று ரசலையன் மழைக்குள் போகிறவளைப் பார்த்துச் சொன்னான். அதைத்தான் மறுநாள் அடித்துச் சொன்னதாக எழுதினான்.

மறுநாள் ஞாயிறு. பண்டிகை ஆராதனைக்காகச் சுற்றுவட்டாரக் கிறிஸ்தவச் சபைகளின் பாடகர் குழுக்களெல்லாம் நாகர்கோவில் கோயிலில் கூட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தன. ரசலையன் ஆறு வருஷமாக பேஸ் என்ற அடிக்குரல் பாடுகிறவன். கடைசி வரிசை அவனுடைய இடம். முன்வரிசையில், மேல்குரலான சோப்ரானோ பாடும் பெண்களுக்கு நடுவில், அந்தக் கண்கள்...

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்துப்போனதை அவன் கவனித்தான். ஏன் என்று விளங்கவில்லை.

குழுத் தலைவர் வழக்கம்போல ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாட வைத்தார். மற்றச் சமயங்களில், பெண்கள் பாடும்போது ரசலையன் தன்னுடைய அடுத்த வரியை மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருப்பான். எங்கே தப்பிவிடுவோமோ என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. அன்று அவளுக்காகக் கேட்டான். கேட்கக் கேட்க ஏதோ இடறியது. அன்று பயிற்சிக்கு எடுத்த ஞானப்பாட்டை அவன் நூறு தடவை பாடியிருப்பான். ஆனால் தான் பாடிய அடிக்குரலைத்தான் அந்தப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். குளிக்கும்போது அதைப் பாடினால் அம்மா வெளியிலிருந்து, "இது எந்த பாட்டுலே?" என்று கேட்பாள். ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டு அது. அம்மாவுக்குக் காது மந்தம் என்றே அவன் இத்தனை நாளும் எண்ணியிருந்தான்.

அப்படியானால் டாக்கீஸிலும் அதேதான் நடந்திருக்கிறது. முப்பது வயலினை விட்டுவிட்டு, அவற்றுக்கு அடியில் முனகிய ஏதோ ஒரு பெரிய வாத்தியத்தின் பின்னால் அவன் காது போயிருக்கிறது.

இடைவேளையில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். அவள் தம்ளரோடு அவன் நின்ற தூணின் மறுபக்கம் வந்து நின்றாள்.

"நீங்க பேஸா?"

"ஆமா."

"அதான்..." என்றாள். அந்த ஒரு சொல்லில் நேற்றைய வழக்கு முழுவதும் தீர்ந்துவிட்டதை அவன் உணர்ந்தான். ஒத்துக்கொள்வதற்கு வாய் வரவில்லை. ஒத்துக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. நேற்றைய வரியை மறுபடி முனகச் சொன்னாள் அவள். முனகினான். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. தன்னுடைய வரியை அவனோடு சேர்த்துப் பாடினாள். அவளுடையது ஏற ஏற, அவனுடையது இறங்கியது. நடுவில் ஓர் இடம் திறந்துகொண்டே போனது... ஓடம் போகப் போக விரிகிற தண்ணீர் போல.

இருவரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

"அப்போ அவ வருவாளா, மாட்டாளா?" என்று அவன் கேட்டான்.

"படம் எடுத்தவனுக்கே தெரியாது போல," என்றாள்.

பெயர் செல்லபாய். ராஜாக்கமங்கலத்தில் பள்ளிக்கூட டீச்சர். அதோ, முற்றத்து வேப்பமரத்தடியில் வெள்ளை ஜிப்பாவோடு நிற்கிற, அந்த ஊர்ச் சபையின் ஊழியரான ஜான்ரோஸ் உபதேசியார் அவளுடைய அப்பா. சினிமா என்ற சொல் அவர் வீட்டில் புழங்காது. வடசேரிச் சந்தைக்குப் போவதாகச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளோடு இதுவரை நான்கு படம் பார்த்திருக்கிறாள். நேற்றைய விஷயத்தை யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இன்னொன்றும் சொன்னாள்... ஏன் சொன்னாள் என்று பிறகு இருவருமே யோசித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாராம். முதலில் வந்தவன் வருஷத்துக்கு ஒன்றிரண்டு படம் பார்ப்பதாகச் சொன்னான். காப்பியோடு அவனை அனுப்பிவிட்டார். இரண்டாவது வந்தவன், டாக்கீஸ் வாசற்படி மிதித்ததில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதற்கு முந்தின வாரம் அவன் ஆண்கள் பக்கத்தில் விசில் அடித்ததைச் செல்லபாய் பார்த்திருந்தாள். பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். காரணமில்லாமல் நல்ல இடத்தைத் தட்டிவிட்டாள் என்று அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரசலையன் அவளைப் பார்க்காமல், தம்ளரைப் பார்த்துக் கேட்டான். "மூணாவது வாறவன் என்ன சொல்லணும்?"

அவள் தம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தாள். பிறகு, "பொய் சொன்னா எனக்கு தெரிஞ்சிரும்," என்றாள். "உண்மைய சொன்னா அப்பா விடமாட்டாவ..." தம்ளரை வைத்துவிட்டு முன்வரிசைக்குப் போனாள். போகும்போது ஒருமுறை திரும்பினாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

ரசலையன் ஜூன் மாதம் முழுவதும் யோசித்தான். ஜூலையில் அம்மாவிடம் சொன்னான். அம்மா உள்ளூரச் சந்தோஷப்பட்டு, வெளியில் கொஞ்சம் முணுமுணுத்து, அவனையும் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராஜாக்கமங்கலத்துக்குப் புறப்பட்டாள். கேள்விக்கு மூன்று விதமான பதில்களைத் தயார் செய்து, பஸ்ஸில் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே வந்தான் அவன். மூன்றிலும் பொய் இல்லை. மூன்றும் வழுக்கிக்கொண்டு ஓடக்கூடியவை.

உபதேசியார் ஜெபம் பண்ணினார். குடும்பம் விசாரித்தார். பேஸ் பாடுவதைக் கேட்டுத் தலையசைத்தார். பிறகு, "தம்பிக்கு சினிமா பாக்குக வழக்கம் உண்டா?" என்றார்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. மூன்று பதில்களும் ரசலையனுக்கு மறந்துபோயின.

"உண்டு," என்றான். "மாசம் ரெண்டு படம். அச்சாபீஸ்ல டாக்கீஸ் நோட்டீஸ் அடிக்குகதுனால பாஸ் கிடைக்கும். வாத்தியம் வாசிக்குகத கேக்கத்தான் போவேன்."

மாமா செருமினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இனி போகமாட்டேன்னு சொல்லலாமே?"

தப்பிக்க வழி வைத்துத்தான் அவர் கேட்டார். ஒரு சொல் போதும். ரசலையன் அதைச் சொல்லிப் பார்க்க நினைத்தான்... வரவில்லை.

"சொன்னா பொய்யா போயிரும் ஐயா. போவேன்."

உபதேசியார் எழுந்தார். கோபப்படவில்லை. "காப்பி குடிச்சிட்டு போங்கோ," என்றார். அந்த வீட்டில் அதற்கு என்ன பொருள் என்று ரசலையனுக்குத் தெரியும். கடல்காற்று ஜன்னல் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

காப்பித் தட்டோடு செல்லபாய் வந்தாள். யாருக்கும் கொடுக்கவில்லை. தட்டை அப்படியே அப்பாவுக்கு முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"அப்பா, நானும் போனேன்."

உபதேசியார் புரியாமல் பார்த்தார்.

"சினிமாக்கு. பிச்சம்மாக்கா கூட. நாலு படம். அந்த ரெண்டாவது ஆளு விசில் அடிச்சத நான் பாத்தேன். அதான் வேண்டாம்னு சொன்னேன்." மூச்சு வாங்கினாள். கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் குரல் உடையவில்லை. "இவங்களுக்கு ஒரு பொய் போதும், சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. எனக்கு... இவங்கதான்பா வேணும்."



"எனக்கும்," என்றான் ரசலையன். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. கண்ணீரோடு சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

உபதேசியார் மறுபடி உட்கார்ந்தார். "இத்தன நாளும் எங்கிட்ட மறைச்சியா?" என்று கேட்டார். கேட்டபோது அவர் கொஞ்சம் வயதானவராகத் தெரிந்தார்.

"எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையேப்பா. மாப்பிள்ளமாருட்டதான கேட்டியோ."

மாமாவுக்கு மறுபடி செருமல் வந்தது. உபதேசியார் மேஜைமேல் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு, தனக்கு இது சம்மதம் என்றோ சம்மதமில்லை என்றோ சொல்லாமல், இரண்டு பேரும் தனக்கு மேலான நாகர்கோவில் போதகரிடம் போய் எல்லாவற்றையும் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார். அதன் பிறகும் அவர் மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கச் சம்மதித்தால், தான் எழுந்து தடை சொல்லப் போவதில்லை என்றார். அதைச் சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியில் ஒன்றை எடுத்து, ரசலையன் கையில் அவரே கொடுத்தார்.

வீடு திரும்பியதும் ரசலையன் நாட்குறிப்பை எடுத்தான். நடந்ததை எழுத நினைத்து ஒரு வரி தொடங்கினான். சரியாக வரவில்லை, வெட்டினான். அதற்குக் கீழே, நாளைக்கு உள்ளதை மட்டும் எழுதினான்.

நாளை: அச்சகத்தில் அரை நாள் லீவு கேட்க வேண்டும். ராஜாக்கமங்கலம் பஸ்ஸில் வருகிறவளை வடசேரியில் கூட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கேட்பதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிட வேண்டும்.