கரிச்சான்கள் பார்த்த இடம்

கரிச்சான் எழுப்பிய அந்தக் குரல் வைஜெயந்தியின் பட்டியலில் இல்லை.

தீவிலிருக்கும் ரங்கத் ஊருக்கு அப்பால், அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் ஓடையின் கரையில் நான்கு கால்களின் மேல் நின்றது அந்தப் பலகைக் குடில். அதற்குள் உட்கார்ந்து மூன்று வருடங்களாகப் பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். மேலே கழுகு வந்தால் மெல்லிய, நீண்ட சீட்டி. பாம்பென்றால் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு கரகரப்பு. மனிதனுக்கு வேறொன்று. முதலில் கத்துவது கரிச்சான்தான். மைனாவும் மின்சிட்டும் அதை நம்பித்தான் ஒளியும். வந்திருப்பது எது, எவ்வளவு தூரத்தில் என்று வைஜெயந்தி கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

இது தாழ்ந்த குரல். தொண்டை அடைத்தாற்போல் மூன்று முறை. சற்று நிறுத்தி, மறுபடி மூன்று.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். நடுப்பகல் வெயிலில் சேறு பளபளத்தது. அழுகிய இலையும் உப்பும் கலந்த வாடை வெப்பத்தோடு மேலேறி வந்தது. எதிர்க்கரையில் இருந்த பறவைகள் எல்லாம் சேற்றில் ஒரே இடத்தை நோக்கி அலகை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அங்கே எதுவும் இல்லை. நண்டுகள்கூட வளைக்குள் போயிருந்தன.

பிறகு எதிர்க்கரை அடங்கியது. நடு ஓடையில் சாய்ந்திருந்த மரத்தில் அதே குரல் எழுந்தது. அது அடங்கியதும் இந்தக் கரையில்.

ஏதோ நடந்து வருகிறது. சேற்றில் ஒரு தடமும் விழவில்லை.

வாக்கி டாக்கியை எடுத்தாள். காலையில் அவளைக் கொண்டுவந்து விட்ட படகோட்டி ஆவுடையப்பன் துறையில் காத்திருந்தார்.

"அண்ணே, உடனே வாங்க."

"பானி எறங்கிருச்சே மேடம். நாலு மணிக்கு முன்னால படகு உள்ள வராது." அவர் குரல் கரகரத்தது. "கீழ மட்டும் எறங்கிராதீங்க. ரெண்டு மகர் அந்தச் சேத்துலதான் கெடக்கு."

ஓடைத் தண்ணீரைப் பானி என்றும் முதலையை மகர் என்றும்தான் அவர் சொல்வார். மணி ஒன்றேகால்.

கதவுக்குத் தாழ் போட்டாள். குரல்கள் குடிலை ஒரு சுற்று சுற்றின. ஏணிப் பக்கம் வந்து நின்றன. பத்தடி. ஐந்தடி. கதவுக்கு நேரே இருந்த கிளையில் தொண்டை கிழியக் கத்தல்.

ஏணி கிறீச்சிடவில்லை. தாழ் அசையவில்லை.

சட்டென்று எல்லாம் நின்றது.

போய்விட்டது. அவள் மூச்சு விட்டாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அப்போதுதான், போன மாதம் அவளே எழுதிய வரி நினைவில் ஓடியது. ஆபத்து விலகினால் பறவைகள் இறகு கோதும், இரை தேடும். கத்தவே அஞ்சும் அளவுக்கு அது அருகில் இருந்தால் உறைந்து நிற்கும்.

இடுக்கில் கண்ணை வைத்தாள்.

எதிரே ஒரே கிளையில் கரிச்சான், மைனா, மின்சிட்டு, எல்லாம் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக. ஒன்றும் இறகு கோதவில்லை. எல்லாம் குடிலுக்குள் பார்த்தன. அவளை அல்ல.

அவளுடைய வலது தோளுக்குச் சற்று மேலே.

பிறகு அத்தனை தலைகளும், ஒன்றுபோல், மெல்ல மெல்ல அவள் கழுத்தை நோக்கித் தாழ்ந்தன.