நலம்விரும்பி எழுதிய நான்கு செய்திகள்

வாசல் மணியை ஒரு முறை அழுத்திவிட்டு, கதவு திறப்பதற்குள் அந்தப் பெண் இரண்டு படி கீழே இறங்கி நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்ன பிறகும் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் நான்கு நாற்காலிகள் இருந்தன. சுவரில் முதுகு படும்படியான ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள்.

அவள் ஒரு நாளிதழின் நிருபர். அவள் தேடி வந்தவர், நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். பிறர் பேசியதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி எழுதி, எந்தச் சொல்லையும் உரசிப் பார்க்காமல் விடாத பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. காவல் நிலையத்தில் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் கடைசியில் இந்தக் கூடத்துக்குத்தான் வருவார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். அப்படிக் கூப்பிட்டுப் பரப்பியது அவருடைய நாத்தனார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த இந்த நாத்தனார், அண்ணன் போன பிறகும் அண்ணியை விட்டுப் போகவில்லை. வந்தவர் கதையைப் பாதி சொல்வதற்குள் இரண்டு பேரைக் கைது செய்துவிடுவார். மற்றபடி தங்கமானவர்.

அந்தப் பெண் நிதானமாகத்தான் சொன்னாள். செய்தி சொல்லிப் பழகிய வாய். ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, தன்னிடம் வேலை செய்யும் பெண்களை விடுதியில் வைத்து வெளியிலிருந்து பூட்டுகிறது. மாதத்தில் ஒரு நாள்தான் வாசல் திறக்கும். இதைப் பற்றி அவள் மூன்று பகுதிகள் எழுதத் திட்டமிட்டாள். முதல் பகுதி வந்த அன்று காலையிலேயே அவள் கைப்பேசி அலற ஆரம்பித்தது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர், கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவர்கள், அவள் முகத்தை வெட்டி வேறு உடம்புகளில் ஒட்டினார்கள். அம்மாவின் எண்ணைக்கூடக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்கள். காவல் நிலையத்தில் போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். தோழிகளும் அதையே சொன்னார்கள், அப்புறம் அவர்களே கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அலுவலகத்தில் அவள் உள்ளே நுழைந்தால் எல்லோரும் அவரவர் திரையைப் பார்க்கத் தொடங்குவார்கள். இப்போதெல்லாம் அவள் சமையலறையில்தான் தூங்குகிறாள். அங்கேதான் ஜன்னல் இல்லை.

“அசிங்கமா எழுதினவங்களைக்கூடத் தாங்கிட்டேன் மேடம். இந்த ஒரு ஆளைத்தான் முடியல” என்று நான்கு தாள்களை எடுத்து வைத்தாள்.

நாளிதழின் இணையப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி, ‘நலம்விரும்பி’ என்ற பெயரில் யாரோ எழுதியவை அவை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்த முதல் செய்தி, “நேற்று பிற்பகல் நீதிமன்ற நூலகம் சென்றீர்கள். தனியாகச் செல்வது நல்லதல்ல” என்றது. புதன் மாலை வந்தது, “நேற்று தொழிற்சாலை மருத்துவரைச் சந்தித்தீர்கள்” என்றது. வியாழன் மாலை, “நேற்று மூன்று மணிக்குத் தொழிலாளர் நல அலுவலகம் சென்றீர்கள்.” சனிக்கிழமை வந்ததுதான் அவளை முறித்துப் போட்டது. “நேற்று விடுதிப் பெண் ஒருவரின் வீட்டுக்குச் சென்றீர்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.”

பதினோரு பெண்கள் தங்கள் சொந்தப் பெயரோடு அவளிடம் பேசியிருந்தார்கள். இரண்டு பகுதிகள் வந்துவிட்டன; அவர்கள் சொன்னதெல்லாம் மூன்றாம் பகுதியில் இருந்தது. அதைப் போடுவதா வேண்டாமா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று எழுதிய கடிதம் அவள் கைப்பையில் தயாராக இருந்தது.

“நான் வீடு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள இது வந்துடுது. அப்படின்னா என் பின்னாலயே யாரோ வர்றாங்கதானே? வியாழக்கிழமை பயம் தாங்காம பாதி வழியிலயே பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். பூங்காவுல ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அன்னைக்கும் விடல.”

நாத்தனாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எப்போதும் ஜன்னலோரம் நிற்கும் ஒரு தனி ஆள் என்று பதில் வந்ததும், ஆள் அகப்பட்டுவிட்டான் என்று எழுந்தே விட்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று அண்ணி அவரை உட்கார வைத்தார். பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார். வியாழக்கிழமை போகவில்லை என்று யாரிடம் சொன்னாள்? அவள் எங்கே போகிறாள் என்பது யாருக்கெல்லாம் தெரியும்?

போகவில்லை என்பதைப் பூங்காவிலிருந்தே தலைமை உதவி ஆசிரியருக்குப் போனில் சொன்னாளாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘டெஸ்க் அண்ணன்’. தொழிலாளர் நல அலுவலக வாசலில் அவளுக்காக வெயிலில் காத்திருந்த புகைப்படக்காரரிடமும் சொன்னாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது கேள்விக்கும் பதில் சுருக்கமாகவே இருந்தது. முன்பெல்லாம் யார் எங்கே போகிறார்கள் என்பதைப் பொதுப் பலகையில் எழுதுவார்கள். தொல்லை தொடங்கியதும் ஆசிரியரே அவள் பெயரைப் பலகையிலிருந்து அழிக்கச் சொல்லி, தனியாக ஒரு நோட்டு போட்டுத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். தினமும் காலையில் அவள் அதில் எழுதிவிட்டுப் போவாள். ஆசிரியர், டெஸ்க் அண்ணன், புகைப்படக்காரர், இந்த மூன்று பேர்தான் அதைப் பார்க்கலாம்.

“ஆசிரியர் மட்டும் இல்லைன்னா நான் எப்பவோ வேலையை விட்டிருப்பேன். எனக்காக முதல் பக்கத்துல கையெழுத்துப் போட்டு எழுதினார் மேடம்” என்றாள். அவளுக்காகப் பேசிய ஒரே ஆளைச் சொல்லும்போது மட்டும் அவள் சுவரை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணி அன்றைய நாளிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு அலுவலகத்தில் சந்திக்கலாம் என்றார்.

பேருந்தில் நாத்தனார் சும்மா வரவில்லை. டெஸ்க் அண்ணனுக்குப் பொறாமை இருக்கலாம், புகைப்படக்காரருக்கு வெயிலில் நின்ற கோபம் இருக்கலாம் என்று ஆளுக்கொரு வழக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ம் கொட்டினார். நல்ல செய்தி கொண்டு போகிறவர் முகமாக அது இல்லை.

ஆசிரியரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஆசிரியர் மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. தானே எழுந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார். டெஸ்க் அண்ணன் கதவோரம் நின்றார். புகைப்படக்காரர் கேமராப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அண்ணி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வியாழக்கிழமைக்கு நேரே ‘தொழிலாளர் நல அலுவலகம், 3 மணி’ என்று எழுதியிருந்தது. யாரும் அதை அடிக்கவில்லை. அவள் போகவில்லை என்பதை ஆசிரியரிடம் சொன்னீர்களா என்று மற்ற இருவரையும் கேட்டார். டெஸ்க் அண்ணன் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே கவலையில் இருக்கிறார், இதை வேறு சொல்வானேன் என்று விட்டுவிட்டாராம். புகைப்படக்காரரும் அவளைத் திட்டியதோடு சரி, காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

“உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கும்மா” என்று அண்ணி நிருபர் பக்கம் திரும்பினார். “உங்க பின்னால யாரும் வரல. ஒரு நாள்கூட வரல.”

அவள் நம்பாமல் பார்த்தாள்.

“பின்னால வந்த ஆளா இருந்தா, வியாழக்கிழமை பூங்கான்னுதான் எழுதியிருக்கணும். அதுல இன்னும் ரெண்டு மடங்கு பயந்திருப்பீங்க. நீங்க போகாத இடத்துக்குப் போனதா எழுதினவரு உங்களைப் பார்க்கல. இந்த நோட்டைத்தான் பார்த்திருக்காரு.”

கீழ் வீட்டுக்காரன் கையை விட்டு நழுவியதில் நாத்தனாருக்குக் கொஞ்சம் வருத்தம். அதைக் காட்டிக்கொள்ளாமல், நோட்டைத் திருட்டுத்தனமாக வேறு யாராவது பார்த்திருக்கலாமே என்று கேட்டார்.

அண்ணி தாள்களை மேசையில் பரப்பினார். “முதல் சேதி திங்கட்கிழமை வந்தது. ‘நேற்று நீதிமன்ற நூலகம் சென்றீர்கள்’னு இருக்கு. திங்கட்கிழமைக்கு நேத்துன்னா ஞாயிறு. அந்த நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. முப்பது வருஷம் அங்க குப்பை கொட்டியிருக்கேன், எனக்குத் தெரியும். இவங்க போனது அன்னைக்கே, திங்கட்கிழமை. வீடு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள சேதி வந்துடுதுன்னு இவங்களே சொன்னாங்க. நாலு தடவையும் அன்னைக்கு நடந்ததை நேத்துன்னு எழுதியிருக்காரு. உலகத்துல யாரு இன்னைக்கு நடக்கறதை நேத்துன்னு எழுதுவாங்க?”

பையிலிருந்த நாளிதழை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். நேற்று தீப்பிடித்தது, நேற்று அறிவித்தார், நேற்று காலமானார். ஒவ்வொன்றும் நடந்த அன்றே எழுதப்பட்டது, படிப்பவர் கைக்கு மறுநாள் காலையில் போவது. வருடக்கணக்காக அப்படி எழுதிய கைக்கு இன்று என்ற சொல்லே வராது. நிருபர் பெண் அந்தத் தாள்களை நூறு தடவை படித்திருப்பாள். அவளுக்கும் அது உறுத்தவில்லை. அவளும் அதே தொழிலில் இருப்பவள்.

“ஆக, பத்திரிகைக்காரர், நோட்டைப் பார்க்கக்கூடியவர். மூணு பேர் இருக்கீங்க. வியாழக்கிழமை இவங்க போகலைன்னு ரெண்டு பேருக்குத் தெரியும். நான் உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்னு மிரட்ட நினைக்கறவர், பார்க்கலைன்னு காட்டிக் கொடுக்கற பொய்யை எழுதமாட்டார். தெரியாத ஒருத்தர்தான் எழுதியிருக்கணும்.” அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. “உங்களுக்கு மட்டும்தான் சார் தெரியாது.”

வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதானா என்று நாத்தனார் முணுமுணுத்தார். ஆசிரியர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிடமாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் பேசியது மிகக் குறைவு. நாளிதழின் முதலாளிக்கும் தொழிற்சாலை அதிபருக்கும் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள். மூன்றாம் பகுதி வரக்கூடாது என்று முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“முப்பது வருஷத்துல நான் யாரோட செய்தியையும் நிறுத்தினதில்லை. என் கையால அதைச் செய்ய முடியல. நீயே வேண்டாம்னு சொல்லிட்டா, யாருக்கும் அவமானம் இல்லாம முடிஞ்சிடும்னு நினைச்சேன். ஊரே எழுதிக்கிட்டிருந்தது. அதுல நான் ஒருத்தன். ஒரு தப்பான வார்த்தைகூட எழுதல.”

“எழுதியிருக்கலாம் சார்” என்றாள் அவள். “அவங்க எழுதினதைப் படிச்சப்போ அழுதேன். நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் ஜன்னல் இல்லாத இடம் தேடினேன்.”

அவள் கைப்பையைத் திறந்தாள். கடிதத்தை எடுப்பாள் என்று ஆசிரியர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் எடுத்து வைத்தது மூன்றாம் பகுதி, பதினான்கு பக்கம்.

“இதை நிறுத்தணும்னா நீங்கதான் நிறுத்தணும். மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

ஆசிரியர் பேனாவை எடுத்து வெகு நேரம் வைத்திருந்தார். போட்டுவிடலாம் என்று எழுதுவார் என டெஸ்க் அண்ணன் கடைசி வரைக்கும் நம்பினாராம், பிறகு சொன்னார். ‘வெளியிட இயலாது’ என்று எழுதி, தேதி போட்டு, ஆசிரியர் கையெழுத்திட்டார். இந்த முறை தேதி மட்டும் சரியாக, அன்றைய தேதியாகவே இருந்தது. அவள் பக்கங்களை வாங்கிக்கொண்டாள். அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபத்தைவிட இரக்கம்தான் வந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. புகார் கொடுக்கும்போது சாட்சிக் கையெழுத்துப் போடுவதாக டெஸ்க் அண்ணன் கதவருகில் தாழ்ந்த குரலில் சொன்னார். புகைப்படக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வெளிக்கூடத்தைக் கடந்து அவள் போனபோது எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் மூன்று பெண்களும் நின்றார்கள். யாரும் பின்தொடரவில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நிருபர் பெண் நினைத்தாளாம், அப்படி இல்லையாம். இத்தனை நாள் பயத்துக்காவது ஒரு துணை இருந்தது போலவும் இப்போது அதுவும் இல்லாதது போலவும் இருக்கிறதாம். அண்ணி பேருந்து வரும்வரை அவள் தோளை ஒட்டியே நின்றார்.

பேருந்து வருவதற்குள் அவள் ஒரு சிறிய வார இதழுக்குப் போன் செய்தாள். அதை நடத்துகிற அம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் மறுபடியும் அந்தக் கூட்டம் கிளம்பி வரும், அதனால் ‘எமது நிருபர்’ என்று மட்டும் போட்டுவிடலாம், அதுதான் பத்திரம் என்றார். அவள் தெருவைப் பார்த்தாள். வேலை விட்டுப் போகிறவர்கள் யாரையும் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அவங்க வருவாங்க மேடம், தெரியும்” என்றாள் போனில். “பதினோரு பேர் பேரைக் கொடுத்திருக்காங்க. வெளிய பூட்டுற கதவுக்கு உள்ள இருந்துக்கிட்டுக் கொடுத்திருக்காங்க. என் பேரையும் போடுங்க.”

எழுத்துப் பிழை வராமலிருக்க, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, இரண்டு முறை சொன்னாள்.