பயோவை விட்ட பிள்ளை

விடிந்ததும் விடியாததுமாக மிசிசாகாவிலிருந்து ஓர் உறவுக்காரி, தன் மகனுக்குப் பல் வைத்தியப் படிப்பு கிடைத்த சங்கதியைத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கனடாவின் ஸ்காபரோவில் இந்த வீட்டில் தோசை நிம்மதியாக வேகுமா?

பாலேஸ்வரி கைப்பேசியை மேசையில் வைத்தாள். கஜனியின் கணவர் விநாயகமூர்த்திக்கு மூத்த அக்கா. வீடு வாங்கிய நாளிலிருந்து அவர்களோடேயே இருப்பவள். நெஞ்சில் ஈரம் உள்ளவள்தான். அந்த ஈரம் நாக்கு வரைக்கும் வந்து சேராது, அவ்வளவுதான்.

"எல்லாற்றை பிள்ளையளும் முன்னுக்கு வருதுகள். உன்ர மகள்தான், ஆக்கள் தங்கட நோய் வருத்தத்தை எப்பிடி ஒளிக்கினம் எண்டு படிக்கிறாள்" என்றாள் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்ற கஜனியிடம்.

உன்ர மகள்... பள்ளியில் பரிசு வாங்கியபோதெல்லாம் அவள் 'எங்கட நிலாணி'. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட முடிவில் உயிரியலை விட்டு மானிடவியலைப் பிரதான பாடமாக எடுத்த அன்றிலிருந்து 'உன்ர மகள்'.

விநாயகமூர்த்தி தலை நிமிராமல், சம்பல் இருக்கிறதா என்று கேட்கும்படி அக்காவிடம் சொன்னார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மனைவியிடம் சம்பல் கேட்க அக்கா தூது! மூன்று வருடமாக அந்த வீட்டில் இதுதான் நடப்பு. கஜனி சம்பலைக் கொண்டுபோய் வைத்தாள். அவளுடைய மனம் மேல்மாடி அறைக் கதவில் இருந்தது. மருத்துவக் கல்லூரி முடிவு இன்று காலை வரும் என்பது தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும்.

அந்த முதலாம் வருடத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. எல்லோரும் சொன்னபடி நிலாணி உயிரியலைத்தான் எடுத்தாள். ஒரே படிப்புத் தவணையில் ஆய்வுகூட வகுப்புகளை அடுக்கியதில் புள்ளிகள் சரிந்தன, பிள்ளையின் முகமும் கறுத்துப்போனது. அவள் மனம் ஒட்டிய ஒரே வகுப்பு மானிடவியல். நோய் வந்தால் மனிதர்கள் எதை மறைக்கிறார்கள், யாரை நம்புகிறார்கள் என்று படிக்கும்போது மட்டும் அவள் கண்ணில் வெளிச்சம் இருந்தது. கடைசியில் தாயும் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்து மிச்ச வருடங்களுக்குத் திட்டம் போட்டார்கள். பிரதான பாடம் மானிடவியல். மருத்துவக் கல்லூரிகள் கேட்கிற உயிரியல், இரசாயனம், புள்ளிவிபரவியல் எதையும் விடுவதில்லை, ஆனால் ஒரு தவணையில் ஓர் ஆய்வுகூடத்துக்கு மேல் எடுப்பதுமில்லை. எல்லாவற்றிலும் கடினமான சேதன இரசாயனத்தைக் கோடையில் தனியாகப் படிப்பது. அந்தக் கோடைகளில் மகள் வேலைக்குப் போகாமல் படிப்பதற்காகக் கஜனி சனி ஞாயிறும் வேலைக்குப் போனாள்.

விநாயகமூர்த்திக்கு இதொன்றும் ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் பயோவை, அதாவது உயிரியலை, விட்டவனுக்கு மருத்துவக் கனவு அன்றோடு சரி. அவரே ஒரு காலத்தில் அந்த வாசல்வரை போய், புள்ளி போதாமல் திரும்பியவர். இங்கே ஒரு பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவம், அது எந்தப் பாடத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்று நிலாணி தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். இத்தனை வருடம் கனடாவில் இருந்தும் அவருடைய மண்டைக்குள் யாழ்ப்பாணத்துச் சோதனைதான் நடந்துகொண்டிருந்தது. இனி மகளோடு பேச்சே இல்லை என்று அவர் எழுந்தபோது கஜனி குறுக்கே வந்தாள்.

"அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ. நான்தான் மாறச் சொன்னனான்."

பச்சைப் பொய். அந்தப் பொய்க்குத்தான் இந்தத் தண்டனை. மருத்துவத்துக்கு விண்ணப்பித்ததையும் சொல்லவேண்டாம், கிடைக்காமல் போனால் பாலேஸ்வரி மாமி ஊரெல்லாம் சொல்லிவிடுவா என்று நிலாணி கெஞ்சினாள். கஜனி அதையும் விழுங்கிக்கொண்டாள். கோயிலில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால் சிரித்துச் சமாளிப்பாள்.

படியில் காலடி கேட்டது. இறங்கி வந்த நிலாணியின் கண்கள் சிவந்திருந்தன. கஜனி அகப்பையைக் கீழே வைத்தாள். மகள் நேரே வந்து மா ஒட்டிய தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிடைச்சிட்டுது அம்மா... மெடிசின்."

விநாயகமூர்த்தி சாப்பிட்ட கையோடு எழுந்தார். "என்ன மெடிசின்? நீ பயோவை விட்டனியெல்லே?"

"மேஜரைத்தான் விட்டனான் அப்பா. டொக்டராகிறதை விடேல்லை."

பிறகு அவள் மாமியிடம் திரும்பினாள். மாமி வைத்தியருக்கு மறைத்த கால் புண்ணைப் பற்றித்தான், பெயர் சொல்லாமல், நேர்முகத் தேர்வில் அதிகம் பேசியதாகச் சொன்னாள். பாலேஸ்வரி சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பாடத்துக்காகக் கேள்வி கேட்கப்போய் அந்தப் புண்ணைக் கண்டுபிடித்து, அவளை வைத்தியரிடம் இழுத்துப்போனதே நிலாணிதான்.

"இன்னொண்டு அப்பா. அம்மா என்னை மாறச் சொல்லேல்லை. நானாத்தான் மாறினனான். உங்கட கோவம் என்னிலை விழக்கூடாதெண்டு அவ தன்ர தலையிலை போட்டவா."

தோசை கருகும் மணம் வந்தது. விநாயகமூர்த்தி கஜனிக்கு முன்னால் வந்து நின்றார். இந்தத் தடவை தூது இல்லை.

"ஏன் கஜனி அப்பிடிச் சொன்னனீர்?"

கஜனி கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் அவளோடை கதைக்காமல் விட்டிருந்தா அவள் படிச்சிருக்கமாட்டாள். என்னோடை கதைக்காட்டியும் நான் சமைப்பன்தானே."

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதார். மூன்று வருடத்தையும் சேர்த்து அழுத அழுகை அது. கஜனியின் தோளில் கை வைத்து, என்னை மன்னியும் என்றார். நிலாணி இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

பாலேஸ்வரி சீனிப் போத்தலோடு வந்தாள். நிலாணி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். மாமியோ அவளைத் தாண்டிப்போய்க் கஜனிக்கு முன்னால் நின்றாள்.

"வாயைத் திற, கஜனி. உன்ர மகள் டொக்டராகப் போறாள்."

"எங்கட நிலாணி, மச்சாள்..."

"இல்லை. உன்ர மகள்."

கஜனியின் வாயில் சீனியைப் போட்டுவிட்டு, அவள் கன்னத்தைத் தடவி அழுதாள். உடனேயே கைப்பேசியை எடுத்தாள். மிசிசாகாக்காரியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, "எங்கட கஜனி பெத்தவளுக்கு மெடிசின் கிடைச்சிருக்கு" என்று தொடங்கினாள்.

விநாயகமூர்த்தி கதிரையை இழுத்து மனைவியை உட்கார வைத்துவிட்டு, தானே அகப்பையை எடுத்தார். அவர் சுட்ட தோசை ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் வேகாமலும் வந்தது. கஜனி அதை மகாராணி மாதிரி இருந்து, ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.