இடையூறு அகற்றப்பட்டது

சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் நின்றுபோயிருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தாளே தவிர, அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வக்கீலின் கோழிக்கிறுக்கல் தாள்களில் கண்ணை நட்டுவிட்டால் திரையைக்கூடப் பார்க்கமாட்டாள். விரல்கள் தாமாக ஓடும், பத்தி முடிந்ததும் சுண்டுவிரல் என்டரைத் தட்டும். வருஷக்கணக்கான தட்டச்சுப் பழக்கம் அது.

தாளைப் புரட்டும்போதுதான் திரையின் நடுவே அந்தச் சாம்பல் பெட்டியைக் கண்டாள்.

'நன்றி. ஓர் இடையூறு அகற்றப்பட்டது.'

"சனியனே, நான் எப்ப உன்னைக் கேட்டேன்?" என்று அதை மூடினாள்.

புது லேப்டாப். அதற்குள் கேட்காமலே குடியிருந்தவை எத்தனை! வானிலை சொல்ல ஒன்று, தள்ளுபடி சொல்ல ஒன்று, வைரஸ் என்று பூச்சாண்டி காட்ட ஒன்று. எல்லாவற்றிலும் கேடுகெட்டது இந்த 'அமைதி உதவியாளர்'. அடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் குதித்து, இடையூறுகளை அகற்றவா என்று கேட்கும். 'சரி', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள்; என்டர் பட்டால் 'சரி' என்றே எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அது கம்பெனியிலயே போட்டு வர்றதும்மா. நாம எடுக்க முடியாது."

"நான் வாங்கின பொருள்ங்க. எனக்கு வேணாம்னா வேணாம்!"

"கண்டுக்காம விடுங்க. கேட்டா 'பிறகு'ன்னு அமுக்குங்க."

போனை வைத்துவிட்டாள். இருட்டுவதற்குள் தாள்களை முடித்து அனுப்பாவிட்டால் இந்த வேலையும் கைவிட்டுப் போகும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழ்வீட்டு நாய் விடாமல் குரைக்க, சூடேறிய லேப்டாப்பின் பிளாஸ்டிக் நாற்றமும் உள்ளறையிலிருந்து வந்த காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின.

"அம்மா... தண்ணி," என்றாள் உள்ளே படுத்திருந்த மகள்.

"இதோ வர்றேன் கண்ணு. இந்தப் பக்கம் மட்டும்."

கண் தாளில். விரல்கள் ஓடின. என்டர்.

நாயின் குரைப்பு பாதியில் அறுந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"அம்மா..."

"வர்றேன்னு சொன்னேன்ல?"

"அம்மா, தண்ணி..."

"பொறுடீ! ஒரு வரி அடிக்க விடமாட்டியா? எத்தனை தடவைதான் கூப்பிடுவே?"

சொன்ன மாத்திரத்தில் மனசு சுட்டது. பாவம், காய்ச்சல்காரக் குழந்தை. இந்தப் பத்தியோடு எழுந்துவிடலாம் என்று இன்னும் வேகமாக அடித்தாள். கடைசி வரி. முற்றுப்புள்ளி. சுண்டுவிரல் என்டரைத் தட்டியது.

நிமிர்ந்தாள்.

'நன்றி. ஓர் இடையூறு அகற்றப்பட்டது.'

எந்த இடையூறு?

மணி பார்க்கச் சுவரைப் பார்த்தாள். கடிகாரம் இல்லை. ஆணி மட்டும். அதன் கீழே, கடிகாரம் மறைத்திருந்த இடத்தில் ஒரு வெளிறிய வட்டம்.

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே நாய்ச் சங்கிலி மழையில் கிடந்தது. கழுத்துப்பட்டை பூட்டியபடியே இருந்தது. உள்ளே கழுத்து இல்லை.

"கண்ணு?"

உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, அம்மா தண்ணி கொண்டாறேன்டா!"

டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். பாதி தரையில் சிந்தியது. உள்ளறைக் கதவைத் தள்ளினாள். கட்டில். கசங்காத விரிப்பு. குழி விழாத தலையணை. நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணி மட்டும் அதன்மேல் கிடந்தது. தொட்டாள். இன்னும் சுட்டது.

"அம்மா... தண்ணி."

குரல் கூடத்திலிருந்து வந்தது. லேப்டாப்பிலிருந்து.

டம்ளரோடு ஓடினாள். திரையின் நடுவே சின்னதாக ஒரு சாம்பல் பெட்டி.

'அம்மா, தண்ணி.'

அதன் கீழே ஒரே ஒரு பொத்தான்: 'பிறகு'.

அதற்கும் கீழே, பொடி எழுத்தில்: 'பதில் இல்லையெனில் இந்தப் பெட்டி தானாக மூடிக்கொள்ளும்.'

டம்ளரைத் திரையோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். பெட்டியின் ஓரங்கள் மங்கத் தொடங்கின.