திருத்தும் கை

பழனாத்தாள் டீச்சருக்குப் பயமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்கிற ஆள்தான். ஆனால் தன் வகுப்பில் இன்னொருவர் மூக்கை நுழைத்தால் மட்டும், நுழைத்தது மனிதனா வேறு ஏதாவதா என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தொண்ணூற்றாறில், ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், மைசூர் ஹெப்பாள் பக்கத்துக் கட்டட வேலைக் கொட்டகைகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லட்சுமிபுரத்துப் பழைய பங்களாவில் வந்து இறங்கினாள். ஒரு காலத்தில் அது டிராயிங் மாஸ்டர் ஒருவரின் வீடு. பெரிய இடத்துப் பிள்ளைகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவரிடம் படம் கற்றுக்கொண்டார்களாம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வீடு ஓவியக் காட்சியகம் ஆகிவிட்டது. அங்கே வகுப்பு நடத்த அனுமதி வாங்குவதற்குள் அவளுக்குச் செருப்பு தேய்ந்துபோனது. கொட்டகைப் பிள்ளைகளுக்கு மியூசியம் ஒரு கேடா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

"கேடுதானுங்க. அதுக்கென்ன இப்போ," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தை வாங்கி வந்தவள் அவள். ஹனூர்ப் பக்கத்துக் காட்டில் பிறந்த வாய், மைசூரில் ஓவியம் படித்தும் அடங்கவில்லை.

காட்சியக மேலாளர் சேகரன் வாசலிலேயே நிறுத்தினார். "வராண்டால உக்காந்துக்கோங்க டீச்சர். நடு ஹால் மட்டும் பேடா, வேணாம்."

"ஏனுங்க வேண்டாம்?"

அவர் திரும்பித் தன் அறைக்குள் போய்விட்டார். சாரல் வலுத்து வராண்டாவுக்குள் அடித்தபோது அவள் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எல்லாரையும் நடு ஹாலுக்குள் ஓட்டிவிட்டாள்.

உள்ளே ஜன்னல்கள் பாதி சாத்திக் கிடந்தன. கரண்ட் இல்லை. அங்கே யாரும் வர்ணம் தொட்டு எவ்வளவோ வருடமாகியும், வர்ணம் குழைக்கிற ஆளி எண்ணெய் வாசனை அப்போதுதான் புட்டியைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறியது. சுவரெல்லாம் மாஸ்டரின் பழைய மாணவர்கள் வரைந்த முகங்கள். ராணி, பால்காரி, பூசாரி, எல்லாருக்கும் ஒரே நேர் மூக்கு. நடுவில் வெள்ளைத் தலைப்பாகையோடு மாஸ்டரின் படம். கண் மட்டும் கொஞ்சம் கீழே பார்த்தது, பெஞ்சில் உட்காருகிறவர்களின் தாளைப் பார்ப்பது போல.

"உங்க வீட்டுல ஒருத்தர் மொகத்தைப் போடுங்க," என்றாள். "நெனச்சுப் போடுங்க. பாத்துப் போட இங்க யாரும் இல்ல."

பிள்ளைகளில் மாதேவி தன் அம்மாவைப் போட்டாள். அம்மா பொன்னம்மா போன வருடம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவள். வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. இடப்பக்கம் கோணிய மூக்கு, சிரிப்பில் இடுங்கிப்போன ஒரு கண். அந்தத் தாளைப் பார்த்ததும் பழனாத்தாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தபோது, மூக்கு நேராக இருந்தது.

படம் கற்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளையின் தாளில் குனிந்து, "இப்படிப் போடு" என்று தாங்களே போட்டுவிடுவார்கள். சேகரனும் கொஞ்சம் வரைவார் என்று அவளுக்குத் தெரியும். நேரே அவர் அறைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைங்க தாள்ல கை வெக்கறது எனக்கு ஆவாதுங்க."

சேகரன் முகம் வெளுத்தது. "நான் இந்த ரூமை விட்டே வரல டீச்சர். அது மாஸ்டர். இருந்தப்பவும் அப்படித்தான், யார் என்ன வரைஞ்சாலும் கையைப் புடிச்சுத் திருத்திடுவாரு. அதுக்குத்தான் பேடான்னேன்."

அடுத்த சனிக்கிழமை வெயில் அடித்தது. வராண்டாவிலேயே வகுப்பு. அன்று யாரும் வந்து திருத்தவில்லை. ஆனாலும் மாதேவியின் தாளில் நேர் மூக்குதான் இருந்தது, இரண்டு கண்ணும் அளவெடுத்த மாதிரி ஒன்றாக.

"நீயா போட்ட, கண்ணு?"

"நான்தான் டீச்சர். கை தானாப் போவுது." மாதேவி தாளைக் கவிழ்த்து வைத்தாள். "எங்கம்மா இப்படி இல்ல. ஆனா எப்படி இருந்துச்சுன்னு மறந்து மறந்து போவுது. கண்ணை மூடினா இதுதான் வருது."

பழனாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் ஓங்கி ஓங்கி அடிப்பானாம். அம்மாவை இழந்த பிள்ளைதானா கிடைத்தது அந்த மாஸ்டருக்கு? செத்தவளை இன்னொரு தடவை சாகடிக்க இந்த மனுசனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

"எல்லாரும் எந்திரிங்க," என்றாள். "உள்ள போறோம்."

சேகரன் ஓடி வந்து குறுக்கே நின்றார். "டீச்சர், பேடா."

"தள்ளுங்க."

ஹாலில் அதே எண்ணெய் வாசனை. மாதேவியை மாஸ்டர் படத்துக்கு நேர் எதிரே உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாதேவியின் பென்சில் நின்றது.

"வந்துட்டாரு டீச்சர்."

அவளுடைய புறங்கையில் நான்கு விரல் பள்ளம் விழுந்திருந்தது. அழுத்துகிற விரல்களைக் காணோம்.

பென்சில் மெல்ல நகர்ந்து, நேராக ஒரு மூக்கை இழுத்தது.

பழனாத்தாள் அந்தச் சின்னக் கையின் மேல் தன் கையை வைத்தாள். கிணற்று நீரில் கை விட்ட சில்லிப்பு. அவள் கையும் சேர்ந்து இழுபட்டது.

"உங்க அளவு சரியாவே இருக்கட்டுங்க," என்றாள். "ஆனா அது இவ அம்மா இல்லீங்க. இது என் வகுப்பு."

பிடி இறுகியது. மாதேவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பழனாத்தாளுக்குப் பளிச்சென்று தோன்றியது. எவ்வளவு பெரிய வாத்தியாராக இருந்தாலும் திருத்துகிற கை ஒன்றுதானே.

"எல்லாரும் கேளுங்க. எல்லாரும் இப்ப மாதேவி அம்மாவைப் போடுங்க. பாத்திருக்கீங்கல்ல?"

பார்க்காமலா? ஒரே வரிசைக் கொட்டகை. பாதிப் பேருக்குத் தலை துவட்டிவிட்டவள் பொன்னம்மா.

"அத்தைக்கு மூக்கு எடப்பக்கம் கோணிக்கும்," என்றான் பிரசாந்த்.

"சிரிச்சா ஒரு கண்ணு மூடிக்கும்," என்றாள் வினிதா. "எங்களைத் திட்டறப்பகூட சிரிப்பாங்க."

ஹால் முழுக்கப் பென்சில்கள் கீச்சிட்டன. மாதேவியின் கையிலிருந்த பள்ளம் மறைந்தது.

மரக்குறடு போட்ட, கண்ணுக்குத் தெரியாத கால் ஒன்று தரையில் தட்டித் தட்டிப் பிரசாந்திடம் போனது.

"திருத்திட்டாரு டீச்சர்."

"திருத்தட்டும். பக்கத்துல இன்னொண்ணு போடு."

குறடு வினிதாவிடம் போனது. அங்கிருந்து மூலைக்கு. மூலையிலிருந்து மறுபடி பிரசாந்திடம். ஒரு மூக்கு நேராவதற்குள் நாலு மூக்கு கோணியது. நடையாக இருந்த தட்டல் ஓட்டமாயிற்று. ஒரு முக்காலி தானாகச் சாய்ந்தது. சுவர்ச் சட்டங்கள் கடகடத்தன.

"அவருக்கு மூச்சு வாங்குது டீச்சர்," என்று வினிதா கிசுகிசுத்தாள்.

உண்மைதான். ஹாலின் நடுவே, ஒருவரும் இல்லாத இடத்தில், ஒரு கிழவரின் இரைப்பு கேட்டது.

பிறகு அதுவும் நின்றது.

மாதேவி தலை தூக்காமல் வரைந்து முடித்தாள். தாளை நிமிர்த்திப் பார்த்தாள். "இதுதான் எங்கம்மா," என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். பழனாத்தாளும் கூச்சமில்லாமல் அழுதாள்.

பிள்ளைகள் தாள்களோடு வராண்டாவுக்குப் போனார்கள். விழுந்த முக்காலியை நிமிர்த்தி வைக்க அவள் மட்டும் உள்ளே நின்றாள்.

சர்... சர்... என்று சுவரில் ஏதோ உரசியது.

மாஸ்டரின் படத்துக்குக் கீழே, தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில், வெள்ளைச் சுவரில் கரியால் ஒரு பெண் முகம் வந்துகொண்டிருந்தது. பொன்னம்மா இல்லை. அங்கிருந்த எந்தப் படத்திலும் இல்லாத முகம். முதல்முறை பென்சில் பிடித்தவனுடையது போலக் கோடு நடுங்கியது. நெற்றி இருந்தது, காது இருந்தது. நடுவில் மட்டும், மூக்கை வரைந்து வரைந்து அழித்த கருந்திட்டு.

பழனாத்தாள் ஓடவில்லை. அந்தத் திட்டின் எதிரே குந்தினாள்.

"யாருங்க?" என்றாள் மெதுவாக. "உங்க அம்மாங்களா? மறந்து போச்சுங்களா?"

கோடு நின்றது.

"நேரா போடாதீங்க. எப்படி இருந்தாங்களோ அப்படிப் போடுங்க. அடுத்த சனிக்கிழமையும் நாங்க வருவோம்."

வெளியே பிள்ளைகள் பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. எண்ணெய் வாசனை மிக அருகில், தோளை ஒட்டி வந்து நின்றது.

சுவரில் கரி கொஞ்சம் தயங்கி, கோணலாக நகர ஆரம்பித்தது.